அரண்மனைக் கண்ணாடி முன்னால் உங்கள் அத்தை

அஜிதா, அகில், ரெண்டு பேரும் ஒட்டி உட்காருங்கள். அம்மா இதை வாசித்துக் காட்டுவாள். அகில், பாதியில் எழுந்து ஓடக் கூடாது. அப்பா எட்டாம் வகுப்போடு தையல் மிஷினுக்குப் போனவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் என்ன நடந்தது என்று நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் "வந்து சொல்றேன்" என்றேன். வந்து சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

போன காரணம் உங்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழி அத்தைக்குக் கண் ஆபரேஷன். வலது கண் போன வருஷமே போய்விட்டது. இடது கண்ணில் புரை. "எடுத்துப் பார்க்கலாம். உள்ளே நரம்பு எப்படி இருக்கிறது என்பது எடுத்த பிறகுதான் தெரியும். உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்த கண்ணும் போனால் அத்தைக்கு உலகம் முழுக்க இருட்டு. என் அம்மா இறந்தபோது எனக்கு அகில் வயசு. தோவாளைச் சந்தைக்குப் பூ கட்டிக் கொடுத்து என்னை வளர்த்தது இந்த அக்காதான். அவள் கட்டிலில் படுக்கும்போது நான் ஓமானில் சலாலாக் கடையில் உட்கார்ந்து பேன்ட் உயரம் குறைத்துக்கொண்டிருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். தோவாளை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், முன்னால் காற்றாலைக் காத்தாடியின் ஒற்றை இறக்கையைப் படுக்க வைத்து ஏற்றிய வண்டி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்து நிற்கிறது. நம் சலாலாவில் மழைக்காலத்தில் ஒட்டகக் கூட்டம் ரோட்டில் நின்றுகொண்டு நம்மையே பார்க்குமே, அதே கதைதான். ஒட்டகமாவது கொஞ்ச நேரத்தில் நகரும். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "காத்தடிச்சாதான் எறக்கை நகரும் போலிருக்கு. எல்லாரும் சேந்து ஊதுங்க" என்றார். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா, "ஒம்ம வாய்க்காத்தே போதும் கண்டக்டரே" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு மிச்ச வழியை நடந்தேன்.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். நான் கூப்பிடுவதற்கு முன்பே, "ஏலே, செருப்பு புதுசா?" என்றாள். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். காது வரைக்கும் தடவினாள். "மெலிஞ்சிட்ட. அங்க என்னத்தத் திங்க?" என்றாள். உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் கும்பிடத் தாங்கலுக்குப் போனோம். நீங்கள் சின்ன வயதில் ஒருமுறை வந்தது, மறந்திருக்கும். நம் அய்யாவழித் தாங்கலில் சாமி சிலை கிடையாது. உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், அதன் முன்னால் ரெண்டு பக்கமும் விளக்கு எரியும். கும்பிடப் போகிறவனுக்கு அவன் முகம்தான் தெரியும். உனக்குள்ளேதான் சாமி இருக்கிறது என்று அர்த்தம். ஆம்பளைகள் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் நம் ஆட்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது, நம் வீட்டுப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துத் தண்ணீர் எடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில்தான் நம் வழியை ஆரம்பித்த அய்யா, "தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நில்" என்று சொன்னார்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குத் துண்டு தலையில் நிற்கவில்லை. ஒரு பக்கம் சரிந்து சரிந்து விழுந்தது. "ஊர்க்காரனுக்கெல்லாம் காலர் தைக்கான், சொந்தத் தலைக்கு ஒரு துண்டு கட்டத் தெரியல" என்று அத்தை முணுமுணுத்தாள். நான் கையால் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வெளியே வந்து பதம் என்று கொடுக்கும் தீர்த்தத்தைக் குடிக்கும்போது அத்தை மெதுவாகச் சொன்னாள். "கண்ணாடியில வெளிச்சம் மட்டும்தான் தெரியுது தம்பி. எனக்க மொகம் தெரிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. ஆபரேசன் பண்ணினா தெரியுமா?"

"தெரியும்க்கா."

"டாக்டரே சொல்லல. நீ எந்தக் காலேஜில படிச்ச?"

பேச்சை மாற்றுவதற்காக, செவ்வாய் சாயங்காலம்தானே ஆஸ்பத்திரியில் சேரணும், அதுவரைக்கும் எங்கேயாவது போகலாம், என்ன பார்க்கணும் என்று கேட்டேன். கன்னியாகுமரி என்பாள், வட்டக்கோட்டை என்பாள் என்று நினைத்தேன். "கடல எத்தனையோ தடவ பாத்தாச்சு. பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

கொட்டாரம் என்றால் அரண்மனை. தக்கலை பக்கத்தில் இருக்கிறது, மரத்தாலேயே கட்டினது. திருவிதாங்கூர் ராஜாக்கள் வாழ்ந்த வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் இத்தனை பக்கத்தில் இருந்தும் உள்ளே போனதில்லை. "அங்க என்னக்கா?" என்று கேட்டேன்.

"நம்ம அம்மைக்க ஆளுவ ஓலையும் கருப்பட்டியும் சொமந்து கொட்டாரத்துக்குக் கொண்டு போவாவளாம். கூலி கெடையாது, ஊழியம். பின்வாசல்ல எறக்கி வச்சிட்டுத் திரும்பிரணும், உள்ள எட்டிப் பாக்கப்படாது. அம்மை சொல்லிக் கேட்டிருக்கேன். அந்தச் சொம எங்க போச்சுன்னு எனக்குப் பாக்கணும்."

திங்கட்கிழமை காலையில் கிளம்பினோம். நாகர்கோவிலில் பஸ் மாறி, தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். "அரண்மனைக்கு" என்றேன். டிரைவர் சின்னப் பையன், ஒன்றும் பேசாமல் கொண்டுபோய் விட்டான். பெரிய கதவு சாத்தியிருக்கிறது.

"இன்னைக்குத் திங்கள்ளா அண்ணே. அரண்மனைக்கு லீவு."

"ஏறும்போதே சொல்லக் கூடாதா தம்பி?"

"வெள்ளையும் சொள்ளையுமா வந்திய, பக்கத்துல கல்யாண வீடுன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அத்தைதான் சிரித்தாள். "அந்தக் காலத்துல உள்ள விடமாட்டான். இந்தக் காலத்துல கதவ அடச்சிட்டான். ரெண்டும் ஒண்ணுதான் போ." பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "நாளைக்குக் காலையில ஒரு நேரம் இருக்குல்லியா?" என்றாள். இருந்தது. ஒரே ஒரு காலை.

அந்த டிரைவரே எங்களைப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைப் பூங்காவில் இறக்கிவிட்டான். நாங்கள் திரும்பி வரும்வரை காத்திருந்தான். வரும்போது பழம்பொரி, அதான் வாழைப்பழ பஜ்ஜி, பொதிந்து வாங்கிக் கொடுத்து, "அம்மாவுக்கு" என்றான். அவன் மேல் கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

கோட்டை என்றால் உள்ளே பெரிய கட்டடம் எதுவும் இல்லை. சுற்றிலும் உயரமான கல்சுவர், உள்ளே மரங்கள், மரங்களுக்கு நடுவே பாதை. வேலிக்குப் பின்னால் மான்கள். சலாலாவில் மழை பெய்து மலை பச்சையாகும்போது பாய் விரித்து உட்காருவோமே, அந்த மாதிரி குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒரு மரத்தடியில் புளிச்சோறும் வாழைக்காய்த் துவரனும் சாப்பிட்டோம். பக்கத்தில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு குடும்பம். அந்த அம்மா தன் கணவரிடம், "அந்த சேச்சிக்குக் கண் தெரியாது போல, ஆனால் எல்லாவற்றையும் எப்படிப் பார்க்கிறாள் பாரேன்" என்றாள். அத்தைக்கு மலையாளம் நன்றாகப் புரியும். "கொஞ்சம் தெரியும் மோளே. நீ கறுத்த சேலை உடுத்திருக்க" என்றாள் தமிழிலேயே. அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒரு டப்பா முந்திரிக்கொத்து எங்கள் பக்கம் வந்தது. கறுப்பு இல்லை மக்கா, அது கரும்பச்சை. நான் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் சாளைக் குழம்பு. சாப்பிடும்போது அத்தை சொன்னாள்: "மீன் கண்ணத் தின்னா கண்ணுக்கு நல்லதுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. நானும் சந்தையில உள்ள மீனுக்க கண்ணெல்லாம் தின்னு பாத்தாச்சு. மீனுக்குத்தான் கண்ணு போச்சு." சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. 

செவ்வாய்க்கிழமை. கதவு திறந்திருந்தது. ஆஸ்பத்திரிப் பையும் கையில் இருந்தது, அப்படியே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று. பையைக் காவலாளியே வாங்கி வைத்துக்கொண்டார். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். வெள்ளைக்காரர் ஒருத்தர் குனிந்து பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "இப்ப எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்று அத்தை தன் செருப்பை அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள்.

முகப்பில் மேற்கூரை முழுவதும் மரத்தில் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. அத்தை தலையைத் தூக்கி நின்றாள். அவளுக்குப் பழுப்பாக ஏதோ தெரிந்ததே தவிர பூ தெரியவில்லை. "சொல்லுலே" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது தையல் பாஷை. இந்தப் பூவுக்கு இதழ் ப்ளீட் வைத்த மாதிரி மடிந்திருக்கு, அந்தப் பூ பட்டன் மாதிரி நடுவில் குமிழ், ஓரத்தில் சுருக்கு வைத்தது ஒன்று. "பிச்சி இருக்கா?" என்று கேட்டாள். தேடினேன். "இல்லக்கா." "பின்ன என்ன பூவச் செதுக்கினான்" என்று அலட்சியமாக நகர்ந்தாள்.

தரை கறுப்பாக, முகம் பார்க்கிற பளபளப்பு. சிமென்ட் இல்லாத காலத்தில் முட்டை வெள்ளையும் சிரட்டைக் கரியும் இன்னும் ஏதேதோ சேர்த்துச் செய்தார்களாம். அத்தை பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். அறைக்கு அறை விளக்கம் சொல்ல ஆட்கள் நின்றார்கள். குறுகலான மரப்படியில் ஏறும்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண், கேட்காமலேயே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெல்ல அம்மா. இனி ஒரு படி உண்டு. தலை குனியணும்." அத்தனை சின்ன வயசுப் பெண்ணொருத்திக்குப் பொறுமை இவ்வளவு இருக்குமா என்று அதிசயமாக இருந்தது. அவளேதான் எங்களை ஊட்டுப்புரைக்குக் கூட்டிப்போனாள்.

அது நீளமான சாப்பாட்டு மண்டபம். இந்தக் கடைசியிலிருந்து பார்த்தால் அந்தக் கடைசியில் நிற்கிற ஆள் சின்னதாகத் தெரிகிறார். பக்கத்தில் பரணி என்கிற ஊறுகாய் ஜாடிகள், அகில் உள்ளே ஒளிந்துகொள்ளலாம், அத்தனை பெரிசு. தினமும் பிராமணர்களுக்கு ராஜா இங்கே இலவசமாகச் சாப்பாடு போட்டார், ஆயிரக்கணக்கில் உட்காருவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அத்தை கேட்டாள். "சாப்பாடு ராஜா போட்டாரு. செரி. அடுப்பு எரிக்க ஓலை? பாயசத்துக்குக் கருப்பட்டி? அத யாரு கொண்டு வந்தா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். "அது... எனக்குச் சொல்லித் தரலை அம்மா."

"ஒன்னக் குத்தம் சொல்லல மக்கா. நான் சொல்லித் தாரேன். எங்க ஆளுவ சொமந்தது. பின்வாசல் வரைக்கும். கூலி இல்லாம."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எங்க பாட்டா ஆளுகளும் அப்படித்தான் அம்மா, நெல்லு குத்த வந்தவங்க" என்றாள். அத்தை அவள் கன்னத்தைத் தடவினாள். அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள், அவள் அவர்களைப் பார்க்கப் போனாள். நாங்கள் அந்தக் கடைசிக்கு நடந்துபோகும்போது பின்னால் அவள் குரல் கேட்டது. "இங்க ஆயிரக்கணக்கான பேர் சாப்பிட்டாங்க. அதுக்கு ஓலையும் கருப்பட்டியும் தலைச்சுமையா கொண்டு வந்தவங்க பின்வாசல்ல நின்னாங்க..." அத்தை நின்றுவிட்டாள்.  என் கையை இறுக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம்.

சில கட்டுகள் தாண்டி ஒரு அறை. வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் எனக்கே கண் இருட்டியது. அழி வைத்த ஜன்னல் வழியாகக் கீற்றுக் கீற்றாக வெளிச்சம். அந்தப் பக்கச் சுவரில், மரச்சட்டம் போட்ட ஆளுயரப் பழைய கண்ணாடி. முன்னால் பித்தளை விளக்கு ஒன்று தொங்குகிறது. எரியவில்லை, ஆனால் வெளிச்சக் கீற்று பட்டு மினுங்கியது. நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என் கையை விட்டது தெரியும். திரும்பிப் பார்த்தால், அவள் கண்ணாடி முன்னால் போய் நிற்கிறாள். முந்தானையைச் சரி செய்தாள். கையைக் கூப்பினாள். தாங்கலில் சொல்வது போலவே, சத்தமாக, "அய்யா உண்டு!" என்றாள்.

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் களுக்கென்று சிரித்தான், அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். "அக்கா, இது தாங்கல் இல்ல. ராஜா வீட்டுக் கண்ணாடி."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வாயில் கை வைத்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிக்கிறாள். "ஏலே, அய்யாவ இந்த வம்சத்து ராஜாதான ஜெயில்ல போட்டது? அவனுக்க வீட்டுக்குள்ளயே நின்னு கும்பிட்டுட்டேனே!" சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. தெரியாத கண்ணிலும் வந்தது. காவலுக்கு நின்ற பெரியவர் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர், "கும்பிட்டா என்ன குறஞ்சு போச்சு? முடிச்சிட்டு வாங்கம்மா" என்று மற்றவர்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அத்தை மறுபடியும் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை தெரிந்தேதான் கும்பிட்டாள். "மொகம் தெரியுதாக்கா?" என்று கேட்டேன். "இல்ல. வெளிச்சம் தெரியுது" என்றாள். "போதும் வா. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

புதன்கிழமை ஆபரேஷன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைத் தவிர அன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டினார். அத்தை பேசாமல் இருந்தாள். இன்னொரு தடவை காட்டினார்.  அவள் விரலைப் பார்க்கவே இல்லை மக்கா, அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, தலையெல்லாம் இம்புட்டு நரைச்சிட்டா? போன்ல ஒரு வார்த்த சொல்லலியே!"

டாக்டர் விரலை மடக்கிக்கொண்டு சிரித்தார். ஓரங்கள் மங்கலாகத்தான் இருக்கும், சொட்டு மருந்து தவறாமல் விடணும் என்றார். அந்த டாக்டருக்கும், கட்டுப் பிரித்த நர்ஸுக்கும், பழம்பொரி கொடுத்த டிரைவருக்கும், படியில் கை பிடித்த பெண்ணுக்கும், அந்தக் காவல்காரருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே போனதும் கழற்றினாள். விளக்குக்கு நடுவில் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து, "கெழவி ஒருத்தி நிக்கா. ஆனா நல்ல கெழவியாத்தான் இருக்கா" என்றாள்.

மறுநாள் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன். விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. தக்கலை வந்ததும் என்ன தோன்றியதோ, பையோடு இறங்கிவிட்டேன். அரண்மனை வரைக்கும் நடந்தேன். திங்கட்கிழமை, கதவு சாத்தியிருக்கும் என்று தெரியும். ஆள் யாரும் இல்லை. வாசலுக்கு எதிரே ஒரு வேன் நின்றிருந்தது. நான் பையைக் கீழே வைத்து, துண்டை எடுத்துத் தலையில் சுற்றினேன். முதலில் சரிந்தது. அவிழ்த்து, வேனின் பக்கக் கண்ணாடியில் பார்த்து, நிதானமாக, இழுத்துக் கட்டினேன். நின்றது. கண்ணாடிக்குள் நரைத்த மீசையோடு என் முகம் இருந்தது, அதற்குப் பின்னால் அந்தப் பெரிய கதவு. காலில் செருப்பு இருந்தது. கையைக் கூப்பினேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். துண்டை அவிழ்க்கவில்லை.